பருப்பு வேகும் நேரம்

1984 ஜூன் மாதம் கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு 21 வயது. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, ஈயச் சொம்பு என்று மூன்று தலைமுறையாக விற்ற கடை அது. முதலாளி புதிதாகப் பிரஷர் குக்கர் எடுத்து அலமாரியில் அடுக்கியிருந்தார். வருகிறவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள், மூடியைத் திருகிப் பார்ப்பார்கள், கீழே வைத்துவிட்டு இரண்டு டவரா வாங்கிக்கொண்டு போவார்கள். அடுப்பங்கரைக்கே போய்ச் சமைத்துக் காட்டினால்தான் இந்தச் சரக்கு நகரும் என்று அவருக்குத் தோன்றியது. அடுப்பங்கரைக்குள் முன்பின் தெரியாத ஆம்பளையை யார் விடுவார்கள்? ஒரு பெண்ணைத் தேடினார். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தம்பி பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அம்மா ஒரு ராத்திரிகூட யோசிக்காமல் என்னை அனுப்பி வைத்தாள்.

ஒரு துணிப்பை. அதில் ஐந்து லிட்டர் குக்கர், குக்கருக்குள் துண்டில் சுற்றிய வெயிட், கால் கிலோ துவரம்பருப்பு. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், நாச்சியார்கோவில் என்று ஒரு நாளைக்கு ஒரு ஊர். குக்கர் விலை 300 ரூபாய். கையில் 50 கொடுத்தால் போதும், மீதியை மாதம் 25 வீதம் பத்து மாதத்தில் கட்டலாம். மஞ்சள் அட்டையில் தவணை குறித்துத் தருவோம். இதில் முதலாளி வைத்த ஒரு நிபந்தனை உண்டு. யார் விற்றாரோ அவரேதான் மாதாமாதம் வசூலுக்கும் போக வேண்டும். வசூலுக்குத் தனி ஆள் போட்டால் சம்பளம் ஆகும் என்பதற்காக வைத்தாரா, வேறு எதற்காகவாவது வைத்தாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு நிபந்தனையால்தான்.

முதல் 17 நாளில் ஒரு குக்கர்கூட விற்கவில்லை.

பேச்சுக்குக் குறைவில்லை. கம்பெனி கொடுத்த நோட்டீஸை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். விலை அதிகம் என்றால் மண்ணெண்ணெய் மிச்சம் என்பேன். ருசி இருக்காது என்றால் சத்து வீணாகாது என்பேன். வெடிக்கும் என்றால் வெடிக்கவே வெடிக்காது என்பேன். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் என் பதில் வந்து நிற்கும். தாராசுரத்தில் ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டார். நான் முடித்ததும், "நல்லாப் பேசுறம்மா நீ. நல்லா இருப்பே" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் பையை இறக்கி வைத்தபோது முதலாளி கேட்டார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"வெடிக்கும்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வெடிக்காதுன்னேன்."

"அவங்க யார் வீட்லயோ பார்த்திருக்காங்க. நீ பார்க்கலை. பார்த்தவங்க பேச்சு நிக்குமா, பார்க்காதவ பேச்சு நிக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கல்லாவிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். "வேணாங்கிறவங்க வாசல்ல நின்னு காரணம் சொல்லிக்கிட்டிருக்க மாட்டாங்க, பாப்பா. கதவைச் சாத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. காரணம் சொல்றவங்க மனசுல இன்னும் கணக்கு ஓடிக்கிட்டிருக்கு. ஒரு வாரத்துக்கு நீ ஒண்ணும் விக்க வேணாம். அவங்க என்ன சொல்றாங்களோ அதை அவங்க வார்த்தையிலேயே இடது பக்கத்துல எழுதிக்கிட்டு வா. வலது பக்கத்தை அப்படியே விடு."

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து சிலவற்றை இங்கே எழுதுகிறேன். "இதுல வச்சா சோறு குழைஞ்சிடும்." "கஞ்சிக்கு எங்க போறது?" "எதிர்வீட்டுல உத்தரத்துல பருப்பு ஒட்டிக்கிட்டிருக்கு, வந்து பாரு." "பொம்பளைங்க இருக்கிற வீட்ல என்ன விசில் சத்தம்?" "அலுமினியத்துக்குப் புளி ஆகாது." "கேஸுக்குப் பதிஞ்சு வச்சிருக்கோம், அது வரட்டும்." "ஆடி கழியட்டும்." "அவரைக் கேக்கணும்."

வாரக் கடைசியில் உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் கம்பெனி நோட்டீஸில் இல்லாதவை. மாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள், மாமியாரைப் பற்றி, மழையைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சிலது முழு உண்மை. அலுமினியத்தில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பு பாத்திரத்தை அரிக்கும், குழம்பும் கெடும். அதற்கு எதிராக நான் ஏன் மூச்சைப் பிடித்து வாதாடினேன் என்று எனக்கே புரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து புளி என்று யாராவது சொன்னால் "ஆமாக்கா, அதை மண்சட்டியிலேயே வைங்க" என்றேன்.

உத்தரத்தில் பருப்பு ஒட்டியிருக்கிறது என்று சொன்னவர் திருநாகேஸ்வரத்து அக்கா ஒருவர். வெடிக்காது என்று சொல்லாமல், "காட்டுங்கக்கா, பார்க்கலாம்" என்றேன். எதிர்வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஓட்டுக் கூரை, தாழ்வான உத்தரம். அடுப்புக்கு நேர் மேலே ஒரு முறம் அகலத்துக்குக் காய்ந்த மஞ்சள் கறை. அந்த வீட்டம்மா ஒரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நேற்று நடந்தது போலச் சொன்னார். குழந்தை அப்போதுதான் தவழ்ந்து திண்ணைப் பக்கம் போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் கை தானாகக் குழந்தை தலைமேல் போனது.

"அந்தக் குக்கர் எங்கக்கா?"

கொல்லையிலிருந்து எடுத்து வந்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். சேஃப்டி வால்வ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்பு போல்ட் மாட்டி இறுக்கியிருந்தது. முதல் தடவை வால்வ் உருகிப் போனதும், வீட்டுக்காரர் சைக்கிள் கடையில் கொடுத்து அதைப் போட்டுக்கொண்டு வந்தாராம். நல்லதென்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். வெயிட் உட்காரும் குழாயைப் பார்த்தேன். பருப்பு நுரை காய்ந்து அடைத்திருந்தது. ஆவிக்கு இரண்டு வழி. இரண்டும் அடைபட்டிருந்தன.

என் பையிலிருந்த மூடியை எடுத்து வெயிட் இல்லாமல் வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, என்னைக் கூட்டி வந்த அக்காவைக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். குழாய் வழியாகக் கடுகளவு வெளிச்சம் தெரியும். "தினம் அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி இந்த வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா குச்சி விட்டு அடைப்பை எடுக்காம ஏத்தாதீங்க. மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பக் கூடாது. பருப்புன்னா பாதிதான், அது நுரைச்சு மேல வரும். வால்வ் போச்சுன்னா அதே வால்வை வாங்கிப் போடணும், வேற எதையும் மாட்டக் கூடாது. ஆவி முழுசா இறங்காம மூடியில கை வைக்காதீங்க."

"அப்போ வெடிக்கும்கிறியா?"

"இதையெல்லாம் செய்யலைன்னா வெடிக்கும்கா."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை மூடியை வாங்கி வெளிச்சத்தைப் பார்த்தார். அது என் முதல் விற்பனை. அந்தத் தெருவில் அந்த மாதமே மூன்று போனது.

வால்வ் எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னிடம் குக்கர் வாங்கியவர்தான். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பெரியவர் ஒருவர். பட்டறை முழுக்கக் காவிரி வண்டலில் அச்சு எடுத்து அடுக்கியிருந்தது. வீட்டுக்குள் அவர் மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் வெளியிலிருந்து வந்து குக்கரை வாங்கி அடியைச் சுண்டிச் சத்தம் கேட்டார். விளிம்பின் கனத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். "உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. முன்பென்றால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "தெரியாதுங்க, கேட்டுக்கிட்டு அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்றேன்.

கடைக்கு வந்த கம்பெனி மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்டுத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. சாதாரணப் பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் சூடேறாது. இந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரை போகும், அதனால்தான் சீக்கிரம் வேகிறது. பெரியவர் கவராயத்தை எடுத்து மூடியின் வாயை அளந்தார். குறுக்களவு 20 சென்டிமீட்டர். தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். "314 சதுர சென்டிமீட்டர். அப்போ மூடியை உள்ளேயிருந்து முந்நூறு கிலோ தள்ளுது. மூணு மூட்டை நெல்லுக்கு மேல." நான் பயந்துவிட்டேன். இத்தனை வீட்டில் இதை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர் மூடியின் கொக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தாங்கும். நல்லா வச்சிருக்கான்" என்றார். பிறகு வால்வைக் காட்டினார். "இதோ நடுவுல இருக்கே, இது சீக்கிரம் உருகுற உலோகம். ஈயச் சொம்புல ரசம் இல்லாம வெறுமனே அடுப்புல வச்சா என்ன ஆகும்?"

கும்பகோணத்துப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? எத்தனை வீட்டில் ஈயச் சொம்பு ஒழுகிப் போனதற்கு மருமகள்கள் அழுதிருக்கிறார்கள்.

"அதேதான் இது. உள்ளே தண்ணி வத்திச் சூடு மிஞ்சினா இது முதல்ல உருகி வழி விட்டுடும். பாத்திரம் பிழைச்சுக்கும்."

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சேஃப்டி வால்வ் என்று ஆரம்பிக்கவே இல்லை. "உங்க வீட்ல ஈயச் சொம்பு இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தேன்.

பின்னாளில் தம்பியின் புத்தகம் ஒன்றில் படித்தேன். 1679-ல் லண்டனில் இந்த மாதிரிப் பாத்திரத்தை முதலில் செய்து காட்டிய டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரரும், அது வெடித்துவிடும் என்று அஞ்சித்தான் அதிலேயே ஒரு வால்வையும் சேர்த்து அமைத்தாராம். செய்தவருக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது. நம் நாட்டில் பிரஸ்டீஜ் குக்கர் செய்த டி.டி. ஜெகநாதனும் வெடிக்கிறது என்ற புகாரைத் தேடி வடக்கே போய்ப் பார்த்து, போலி உதிரி பாகங்கள்தான் காரணம் என்று கண்டிருக்கிறார். போலியை வாங்காதீர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மூடியின் விளிம்பில் ஒரு துவாரம் வைத்தார். அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கட்டே அந்தத் துவாரம் வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். வால்வ் போலியாக இருந்தாலும் குடும்பம் தப்பிக்கும். வாங்குகிறவர் சொல்லும் குறைக்குப் பொருளிலேயே பதில் வைப்பது எத்தனை பெரிய காரியம்! பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கஞ்சி விஷயத்தில் என்னால் ஜெயிக்க முடியவில்லை. ஜெயிக்கக் கூடாது என்றும் பிறகு புரிந்தது. எங்கள் பக்கத்தில் சோறு என்றால் வடித்த சோறு. உலை கொதித்து, அரிசி வெந்து, வடிதட்டைப் போட்டுப் பானையைச் சாய்த்தால் ஒரு குண்டான் கஞ்சி இறங்கும். அதில் கொஞ்சம் உப்புப் போட்டு வயசானவர்கள் குடிப்பார்கள். நூல் புடவைக்கு அதுதான் கஞ்சி. மீதி கழனித் தொட்டிக்குப் போகும். காலையில் பசு அதைக் குடிக்காமல் பால் சுரக்காது. குக்கரில் அளந்து தண்ணீர் வைத்துச் சோறாக்கினால் கஞ்சியே கிடையாது. பாபநாசத்தில் ஒரு ஆச்சி கேட்டார்: "உன் குக்கருக்கு 300 ரூபா சரி. என் மாட்டுக்கு நீ என்ன தருவே?" பழைய சோறும் அப்படித்தான். குக்கர் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் கொழகொழவென்று இருக்கும். அதைக் குடித்துவிட்டு வயலுக்குப் போக முடியாது என்றார்கள்.

சோறு, பருப்பு, காய் மூன்றும் ஒரே நேரத்தில் என்று நோட்டீஸில் படம் போட்டிருந்தது. அந்த நோட்டீஸை நான் பையிலிருந்து எடுத்துவிட்டேன். "சோறு உங்க பானையிலேயே வடிங்க ஆச்சி. பருப்பை மட்டும் இதுல வைங்க" என்று சொன்னேன். கிணற்றில் உப்புத் தண்ணீர் உள்ள தெருக்களில் துவரம்பருப்பு ஒரு மணி நேரம் வெந்தாலும் உடையாது, அடியில் தனியாக நிற்கும். கொண்டைக்கடலை, மொச்சை, ஆட்டுக்கால் எல்லாம் அதைவிட மோசம். அந்த உப்புத் தண்ணீரிலேயே பருப்பைப் போட்டுக் குக்கரில் வைத்து இறக்கி, கரண்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவேன். வெண்ணெய் மாதிரி மசியும். அதற்கு மேல் பேச வேண்டியிருக்காது. பாபநாசத்து ஆச்சி வாங்கினார். அவர் வீட்டுப் பசுவுக்குக் கஞ்சி நிற்கவில்லை.

பணம் இல்லை என்று சொன்னவர்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. டெல்டாவில் அதற்குப் பதில் மேட்டூரில் இருக்கிறது. ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை உண்டு, குறுவை உண்டென்றால் தீபாவளிக்குக் கையில் காசு உண்டு. திறக்காத வருஷம் "காசில்லை" என்று ஒருவர் சொன்னால் அது காரணமே இல்லை, நிலைமை. அவர்களிடம் தவணையை நீட்டி ஆசை காட்டுவது பாவம். "தை மாசம் வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, தை மாதம் மறக்காமல் போனேன். போனதாலேயே சிலர் வாங்கினார்கள்.

இனி சொல்லப்போவது சுவாமிமலையில் நடந்தது. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த வீட்டு மருமகள் டீச்சர். காலை ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து உலை வைப்பார். மீதியை அவர் மாமியார் பார்த்துக்கொள்வார். டீச்சர் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட பேசுங்க. எனக்கு வேணும். ஆனா அவங்கதான் அடுப்புல நிக்கறவங்க" என்றார். பாட்டிக்கு எழுபது இருக்கும். மூக்குத்தி, நெற்றி நிறையத் திருநீறு, அடுப்பங்கரையைத் துடைத்து வைத்திருக்கும் விதத்திலேயே ஆள் யாரென்று தெரியும். முதல் நாள், ருசி இருக்காது என்றார். சமைத்துக் காட்டினேன், தின்று பார்த்துச் சரி என்றார். இரண்டாம் தடவை, வெடிக்கும் என்றார். ஈயச் சொம்புக் கதையைச் சொன்னேன், தலையாட்டினார். மூன்றாம் தடவை, கனமாக இருக்கிறது, தூக்க முடியாது என்றார். மூன்று லிட்டர் குக்கரைக் கொண்டுபோனேன். அப்போது கைப்பிடி சூடாகும் என்றார், அதன் பிறகு விலை என்றார். டீச்சர் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றை எடுத்தால் ஒன்று முளைத்தது. அவருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை, அதனால் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் மனசு குறுகுகிறது.

அடுத்த தடவை போனபோது மொச்சை வைத்தேன். பாட்டி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதல் விசில் வந்தது. தொட்டிலில் குழந்தை தூக்கிப் போட்டு அழுதது. டீச்சர் ஓடினார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா திரும்பிப் பார்த்தார். பாட்டியின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்து ஓரம் வைத்தார், அடுத்ததைத் தேடினார். வெயிட்டிலிருந்து ஆவி பொங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளையாக ஏறியபோதுதான் நிமிர்ந்தார்.

அவருக்குக் காது கேட்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாத அளவுக்குப் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே சமாளித்து வந்திருக்கிறார். முதல் நாள் நான் என்ன சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். "மூணு விசில் எண்ணி இறக்கிடணும் பாட்டி, எண்ணாம விட்டா தண்ணி வத்தி ஆபத்தாயிடும்." என் வாயாலேயே அந்தப் பயத்தை அவர் மனசில் ஏற்றியிருக்கிறேன். மருமகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தொட்டிலில் குழந்தையுடன், கேட்காத விசிலை எண்ணிக்கொண்டு தனியாக நிற்க வேண்டும். ருசி, கனம், கைப்பிடி, விலை என்று அவர் சொன்னது எதுவும் காரணமில்லை. சொல்ல முடியாத ஒன்றுக்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்தேன். மறுபடி போனபோது அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னேன். "பாட்டி, அன்னைக்கு விசில் எண்ணச் சொன்னேன், அது சரியான முறை இல்லை. தீ பெரிசா இருந்தா சீக்கிரம் வரும், சின்னதா இருந்தா வராது. எண்ணிக்கையை நம்பக் கூடாது. கண்ணாலதான் பார்க்கணும். இதோ பாருங்க, வெயிட் லேசாத் தூக்கி ஆவி சீறுது. உடனே திரியைக் குறைங்க. கடிகாரத்தைப் பாருங்க. பத்து நிமிஷம் கழிச்சு இறக்குங்க. அவ்வளவுதான்."

சமாளிப்பதற்காகச் சொன்ன பேச்சு இல்லை. அதுதான் சரியான முறை. விசில் எண்ணுவது நாமாகப் பழகிக்கொண்டது.

பாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குக்கரைப் பார்த்தார். "கடிகாரம் பார்த்தாப் போதுமா?"

"போதும் பாட்டி."

அவரையே வைக்கச் சொன்னேன். வெயிட் தூக்கியதும் அவர் கை திரியைக் குறைத்த வேகத்தைப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷமும் கண்ணை எடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். இறக்கி, ஆவி அடங்கி, மூடியைத் திறந்து, ஒரு மொச்சையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "அந்த அம்பது ரூபாயை எடுத்துக்கிட்டு வா" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து மாதமும் நான் வசூலுக்குப் போனால், கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஜன்னலில் பார்த்துக் கையசைத்துக் கூப்பிடுவார். நானும் வாசலில் நின்று குரல் கொடுக்க மாட்டேன். டீச்சரிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

அந்த வருஷத்திலிருந்து மாதம் பத்து, பன்னிரண்டு விற்றேன். மாதம் பன்னிரண்டை எட்டினால் முதலாளி 100 ரூபாய் கூடத் தருவார். 1986 மாசி மாதம் கடைசி இரண்டு நாள். பதினொன்று ஆகியிருந்தது. தம்பிக்குப் பாலிடெக்னிக்கில் பணம் கட்ட வேண்டும். வலங்கைமானுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஒரு அக்கா, சம்பா அறுப்புக் கூலி வந்த கையோடு இருந்தார். எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தார். பிறகு குக்கரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"எங்களுது விறகு அடுப்பும்மா. இதுக்கு ஆகாது."

ஆகாதுதான். விறகுத் தீயை நினைத்தபடி குறைக்க முடியாது. தழல் பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியை எரிக்கும், கேஸ்கட்டைக் காய வைக்கும். எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன் எத்தனையோ விறகு அடுப்பு வீடுகளில் நானே வேண்டாம் என்று சொல்லித் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வாய் வேறு விதமாகப் பேசியது. "அடியில மண்ணைக் குழைச்சுப் பூசிட்டா கரி பிடிக்காதுக்கா. தீயைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டாப் போதும்."

"கைப்பிடி?"

"இந்தப் பக்கமாத் திருப்பி வச்சுக்கலாம்."

அவர் நம்பினார். ரவிக்கைக்குள்ளிருந்து சுருட்டிய ஐம்பது ரூபாயை எடுத்துத் தந்தார். இரண்டு வருஷமாக ஜனங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் எந்தச் சொல் அவர்களை அசைக்கும் என்று கற்று வைத்திருந்தேன். அத்தனையையும் அந்த ஒரு ஏமாற்றுக்குச் செலவு செய்தேன்.

முதல் தவணைக்குப் போனபோது கைப்பிடி ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. இரண்டாம் மாதம் பாதிக் கைப்பிடி இல்லை. மூன்றாம் மாதம் குக்கர் பரணில் இருந்தது. எல்லா மாதமும் 25 ரூபாய் தயாராக இருந்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அவங்க ஆகாதுன்னு சொன்னப்ப நீ ஏன் விடலை?" என்று மட்டும் கேட்டார். பிறகு, திருப்பி எடுத்துக்கொள்ளலாம், கட்டிய பணத்தைக் கொடுத்துவிடு என்றார். நான் அதைச் சொல்லப் போனபோது அந்த அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கரியாக்கிட்டுத் திருப்பிக் குடுக்கிறதா? வாங்கினது வாங்கினதுதான்." என் சம்பளத்தில் புதுக் கைப்பிடி வாங்கிப் போய் மாட்டிக் கொடுத்தேன். மாட்டி என்ன, அடுப்பு அதேதானே. குக்கர் மறுபடி பரணுக்குப் போனது. நோட்டில் அவர் சொன்னதை இடது பக்கம் எழுதினேன்: விறகு அடுப்புக்கு ஆகாது. வலது பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பத்தாம் தவணை மார்கழியில். கூலி வேலை இல்லாத மாதம். அப்போதும் 25 ரூபாய் தயாராக இருந்தது. அட்டையில் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்து மாடக்குழியில் வைத்தார்.

"சாப்பிட்டுப் போ. பருப்புதான். வேக நேரமாகும், இருப்பியா?"

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் இன்னும் முக்கால் மணியில் வரும். அதை விட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இருக்கிறேன் என்றேன்.

மண்சட்டியில் பருப்பைக் களைந்து போட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். அந்த ஊர்த் தண்ணீர் நாக்கில் கரிக்கும். வேலிக்காத்தான் கட்டை, ஈரம். ஊதுகுழலை எடுத்துக் குனிந்து ஊதினார். புகை கூரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெண்ணைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். பருப்பு கொதித்து நுரைத்தது, நுரையை எடுத்துக் கொட்டினார். அரை மணி நேரம் கழித்து அகப்பையில் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினார். வேகவில்லை. இன்னும் தண்ணீர் விட்டார். எங்கள் தலைக்கு மேல் பரணில், சாக்குப் பையில் குக்கர் இருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை. மறுபடி ஒன்றை எடுத்து நசுக்கினார். பாதி வெந்திருந்தது. வெளியே பஸ் ஹாரன் கேட்டுக் கடந்து போனது.

மூன்றாம் தடவை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சு" என்று சொல்லி எனக்கு இலை போட்டார்.